பவுடர் போட்ட பெட்டைக்கோழி

தெரு முனையில் இரண்டே நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறவருக்கு வழுக்கையை மறைப்பதில் நல்ல பெயர். இருக்கிற நாலு முடியை எப்படித் திருப்பிவிட்டால் நாற்பதாகத் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தக் கைப்பழக்கம்தான் அவரைக் கோழி விஷயத்தில் மாட்டிவிட்டது.

அவர் மனைவி முட்டைக்காக ஒரு குஞ்சு வாங்கி வந்தாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"பெட்டைன்னா வளருங்க. சேவல்னா அன்னைக்கே வெளிய போயிடணும். விடியக்காலைல தூக்கம் கெட்டா எனக்கு நாள் முழுக்கத் தலைவலி."

"பெட்டைதாம்மா," என்றாள் மனைவி, குஞ்சு விற்றவர் சொன்னதை நம்பி.

மூன்று மாதத்தில் கொண்டை சிவந்து தடித்தது. சலூன்காரருக்குச் சந்தேகம் தட்டியது. மடியில் வைத்து, சீப்பால் கழுத்து இறகைப் பிரித்துப் பார்த்தார். பெட்டைக்கு நுனி உருண்டையாக இருக்கும். இதற்கோ ஊசி மாதிரி நீண்டு பளபளத்தது. வாலில் இரண்டு இறகு வேறு அரிவாளாக வளையத் தொடங்கியிருந்தது.

"சேவல்டி இது."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அது அவள் கையிலேயே தின்னப் பழகியிருந்தது. "ஏதாவது பண்ணுங்க."

அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். துண்டைப் போர்த்தி, கத்தரியை எடுத்து, கூர் நுனிகளை எல்லாம் உருட்டி வெட்டினார். வாலை ஒட்ட நறுக்கினார். கொண்டைக்கு முகப்பவுடர் ஒற்றினார்.

வீட்டுக்காரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பெட்டை மாதிரிதான் இருக்கு. ஏன் வாசனையா இருக்கு?"

"குளிப்பாட்டினோம்மா."

அடுத்த வாரம் விடிந்தும் விடியாததுமாக அது கழுத்தை நீட்டிக் கூவியது. மாடி ஜன்னல் திறந்தது.

"தம்பி, என்ன சத்தம்?"

சலூன்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "நான்தாம்மா. தொண்டை கட்டியிருக்கு." நம்ப வைக்க அவரே ஒருமுறை கூவியும் காட்டினார்.

"வெந்நீர் குடிங்க." ஜன்னல் சாத்திக்கொண்டது.

பத்து நாள் கோழியோடு சேர்ந்து அவரும் கூவினார். பதினோராம் நாள் வீட்டுக்காரம்மா ஒரு கூடையோடு இறங்கி வந்தார். உள்ளே ஒரு வெள்ளைக்கோழி.

"உங்க பெட்டை தனியா இருக்கு, பாவம். துணைக்கு என் தங்கச்சி வீட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்தேன்."

சலூன்காரர் கூடையை வாங்கிக்கொண்டார்; விடியக்காலையில் கூவுவதையும் விடவில்லை. வெள்ளைக்கோழி முட்டையிட்டது, அடைகாத்தது, ஏழு குஞ்சு பொரித்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பெட்டை சேர்ந்து ஏழு குஞ்சு. முப்பது வருஷம் தபால் ஆபீசுல இருந்தேன், இப்படி ஒரு பார்சல் பாத்ததில்ல." முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"மொத நாளே. நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

"தலைவலி?"

"சேவல் கூவுறது பழகிடுச்சு. நீங்க கூவுறதத்தான் தாங்க முடியல. அத நிறுத்துங்க."

அந்த ஏழில் ஐந்து சேவலாகிவிட்டன. அந்த ஐந்தில் இரண்டைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தார் வீட்டுக்காரம்மா, பெட்டை என்று சொல்லி.