ஜமைக்கா போக எந்த மாசம் நல்லது?

ஷூ கம்பெனில என் பக்கத்து மிஷின் மேரியோட இன்னைக்கு லாங் பஜார்ல ஒரு டிராவல்ஸுக்குப் போனேன்.

"ஜமைக்கா போக எந்த மாசம் நல்லது சார்?"னு மேரி கேட்டா.

அவள சிரிக்க வைக்கலாம்னு நான், "ஹனிமூனுக்கு சார், மாப்ளதான் இன்னும் கெடைக்கல"ன்னேன்.

டிராவல்ஸ்காரரு சிரிச்சாரு. "டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சூப்பர்க்கா. அக்டோபர் பக்கம் மட்டும் போவாதீங்க, புயலும் இடியும் ஜாஸ்தி."

மேரி சிரிக்கல. "கப்பல்ல சமையல் வேலைக்குப் போன என் புள்ள அங்க செத்துட்டான் சார். அங்கயே பொதைச்சிட்டாங்க. இடின்னா அவனுக்கு ரொம்ப பயம். அக்டோபருக்கே போடுங்க."

அவரு கம்ப்யூட்டர்ல அக்டோபர எடுத்தாரு.



மேரி கையில குடுத்தனுப்ப, புயல் காத்துலயும் திரும்பிக்காத குடை எங்க கெடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.