மூன்று அழைப்புகளும் ஒரு ஹெலியும்

முல்லைத்தீவுக் கரையில் படகு இஞ்சின் திருத்துகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் கடலில் வைத்து இஞ்சின் நின்றுவிட்டால் எல்லோரும் கூப்பிடுவது துசியந்தனைத்தான். படகில் இருப்பவர் தொலைபேசியை இஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுப்பார். இவன் தன் கொட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "இன்னொருக்கா இழுங்கோ" என்பான். பிறகு, "பிளக் நனைஞ்சு போச்சு, கழட்டித் துடைச்சுப்போட்டு இழுங்கோ" என்பான். பத்தில் ஒன்பது தடவை அவன் சொன்னதுதான் சரி. தன் கலியாணப் பந்தியில் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு படகைக் கரை சேர்த்தவன் அவன். மனைவி கிறேஸ் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவனை ஒரு கணினி விளையாட்டு ஒரு கிழமை தலைகீழாக நிறுத்திவிட்டது.

பிரான்சில் இருக்கும் தம்பி கொலின்ஸ் நத்தாருக்கு வந்தபோது தன் பழைய கணினியையும் விளையாட்டுக் கைப்பிடி ஒன்றையும் விட்டுப் போயிருந்தான். அதற்குள் ஒரு ஹெலிகொப்டர். சும்மா பொத்தானை அழுத்தினால் பறக்கிற பிள்ளைகளின் சாமான் அல்ல அது. உண்மையான ஹெலியில் இருக்கிற அத்தனை சுவிச்சு ஆழிகளும் மானிகளும் அதில் உண்டு. ஒழுங்கு பிசகினால் இஞ்சின் அசையாது. துசியந்தனுக்கு நாற்பத்தொரு வயது. அந்த வயதுக்காரனுக்கு ஹெலி என்றால் சண்டைக் காலத்தில் ஓடி ஒளிந்த பங்கர்தான் ஞாபகம் வரும். அவனுக்கும் வந்தது. கிறேஸுக்கு அந்தச் சத்தமே ஆகாது. "வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு" என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இஞ்சின் தன்னிடம் வந்து ஓடமாட்டேன் என்று நிற்பது அந்த வெட்கத்தைவிடப் பெரிய குறையாகப் பட்டது.

முதல் இரண்டு நாளும் இஞ்சினைக் கிளப்புகிற பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. பிறகுதான் பற்றரி ஆழிக்கு மேலே எண்ணெய் ஆழி தனியாக இருப்பதைக் கண்டான். அதைப் போட்டதும் இஞ்சின் பற்றியது. பற்றிய வேகத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் பாய்ந்து இஞ்சின் கருகியது. ஐந்து தரம் கருகியது. ஆறாவது தரம் திரையை உற்றுப் பார்த்தான். தான் வேகப்பிடியை மூட, திரைக்குள் இருந்த பிடி திறந்துகொண்டிருந்தது. கணினிக்கு அது தலைமாறாக விளங்கியிருக்கிறது! அமைப்புக்குள் போய் மாற்றினான். அதற்குப் பிறகு கருகவில்லை. ஆனால் மூச்சுப் பிடித்த உடனேயே அடங்கிப் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கொட்டிலில் ஒரு இஞ்சினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு விஷயம் பிடிபட்டது. படகு இஞ்சின் வெடித்துப் பிடித்தவுடன் கயிற்றை விட்டுவிட வேண்டும். இருபது வருசமாக அந்தக் கை அப்படித்தான் பழகியது. அந்தப் பழக்கத்தில் ஹெலியிலும் சத்தம் கேட்டவுடனேயே பொத்தானை விட்டுவிட்டிருக்கிறான். அதையோ விடவே கூடாது. சுற்று மானி நாற்பதைத் தொடும்வரை, அரை நிமிடத்துக்கு மேல், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அன்று தபசுகால வெள்ளி. நாலு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம். கிறேஸ் வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள்.

"வரேல்லையோ?"

"ஒரு இஞ்சின் வேலை கிடக்கு. நீ போ, நான் பின்னாலை வாறன்."

அவள் படலையைச் சாத்தினாளோ இல்லையோ, இவன் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான். பற்றரி, எண்ணெய், பிடி மூடியிருக்கிறது. பொத்தானை அழுத்தினான். முள் மெல்ல ஏறத் தொடங்கியது. பத்து. பதினைந்து. மேசையில் தொலைபேசி அதிர்ந்தது. "இன்னாசி அண்ணை" என்று பெயர் விழுந்தது.

இன்னாசித்தம்பி அறுபது தாண்டியவர். பின்னேரத்தில் தனியாக வலை போடப் போகிறவர். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் அது கடலில் இருந்துதான் என்பது துசியந்தனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கை வேகப்பிடியில், மற்றக் கை பொத்தானில். விரலை எடுத்தால் இஞ்சின் அடங்கும். இருபத்தைந்து. ஒரு நிமிடம்தானே என்று நினைத்தான். மணி ஓய்ந்தது. முள் நாற்பதைத் தொட்டது. விரலை எடுத்தான், இஞ்சின் நிற்கவில்லை. மேலே இறக்கைகள் சுழன்று சுழன்று ஒன்றாகின. சந்தோசத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது அழைப்பு வந்தபோது ஹெலி நிலத்தை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டு எடுப்போம் என்று நினைத்தான். மூன்றாவது அழைப்பு வந்தபோது ஹெலி சரிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்தன. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவன் திருப்பி அழைத்தபோது நாலு நாற்பது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் சொன்னது. நாலு தரம் அதையே சொன்னது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினான். இன்னாசித்தம்பியின் மகள் நிறஞ்சனா, தகப்பனின் தொலைபேசி கிடைக்காமல், ஏற்கெனவே அங்கே நின்றாள்.

"அப்பா உங்களுக்குப் போன் எடுத்தவரோ அண்ணா?"

"எடுத்தவர் போல. லைன் விளங்கேல்லை" என்றான்.

வாய்க்கு வந்த முதல் பொய். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பிள்ளை நம்பிவிட்டாள் என்பதுதான் அவனைச் சுட்டது.

ஐந்து படகுகள் இறங்கின. துசியந்தன் செந்தூரனின் படகில் முன்னணியத்தில் நின்றான். நீர் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயச் சாய ஒவ்வொரு அலையும் அவனுக்குப் படகாகத் தெரிந்தது. தெரிந்த செபமெல்லாம் சொன்னான். பாதியில் சொல் மறந்து, திரும்பத் தொடக்கத்தில் இருந்து சொன்னான். சூரியன் இறங்கிவிட்ட பிறகு, மிச்ச வெளிச்சத்தில், செந்தூரன்தான் கிழவரின் நீலப் படகைக் கண்டான். இன்னாசித்தம்பி சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

கரையில் பாதி ஊர் நின்றது. சிலுவைப்பாதை முடிந்து நேரே வந்த கிறேஸும் அதற்குள் நின்றாள். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். இன்னாசித்தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பெடியனிலை பிழை இல்லை. மூண்டு தரம் எடுத்தன். பிறகுதான் யோசிச்சன், இண்டைக்கு வெள்ளி, அவன் சிலுவைப்பாதையிலை நிப்பான். கோயிலுக்குள்ளை நிக்கிறவனை ஏன் கரைச்சல் படுத்தவேணும் எண்டு விட்டிட்டன். அதுக்குள்ளை கவறேஜும் போயிட்டுது."

கிறேஸ் அவனைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட அவனுக்கு வழி இருந்தது. கிழவரே அந்த வழியைத் திறந்து கொடுத்திருந்தார்.

"நான் கோயிலுக்குப் போகேல்லை அண்ணை" என்றான் துசியந்தன். "வீட்டிலைதான் இருந்தனான். நீங்கள் எடுத்தது தெரிஞ்சது."

"வேலையிலையே நிண்டனீ?" என்று கேட்டார் கிழவர்.

"இல்லை. கொம்பியூட்டரிலை விளையாடிக்கொண்டிருந்தனான்."

நிறஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னாசித்தம்பி கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "சரி தம்பி. வீட்டை போ" என்றார். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவர் இஞ்சினைக் கொண்டுவந்து கொட்டிலில் இறக்கினார். இப்போதும் திருத்த வேலைக்கு அவனிடம்தான் வருகிறார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். கடலில் இருந்து மட்டும் அவனைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம், இரண்டு கொட்டில் தள்ளி இருக்கும் விஜிதரன் தொலைபேசியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்குக் காதால் கேட்டு நோய் சொல்லத் தெரியாது. "இன்னாசி அண்ணை. இஞ்சின் நிண்டிட்டுதாம்" என்று கிசுகிசுத்தான். துசியந்தன் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். அங்கே கயிறு இழுபட்டது. ஒரு தரம், இரண்டு தரம். வாயைத் திறக்காமல் ஒரு கடதாசித் துண்டில் "எண்ணெய் வாறதில்லை, குழாயின்ரை இணைப்பைப் பாக்கச் சொல்லு" என்று எழுதி நீட்டினான். விஜிதரன் தொலைபேசிப் பக்கம் குனிந்து அதை வாசித்துச் சொன்னான். ஐந்து நிமிடத்தில் இஞ்சின் பிடித்தது. தொலைபேசி இன்னும் துசியந்தனின் காதில்தான் இருந்தது.

"நல்லாயிருப்பாய் விஜி" என்றது கிழவரின் குரல். "கூப்பிட்ட உடனை எடுக்கிறாய்."