சிலுவை போட்டுத் தடவின ட்யூப்

இன்னிக்கு ஆவடி டிஸ்பென்சரில நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்மா.

என் தங்கச்சி பொண்ணு ஸ்டெல்லாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் சிவப்பு நூல் ஒட்டவெச்சாப்ல நரம்பு தெரியுது. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. அவ கண்ணாடி பக்கமே போறதில்ல.

தோல் டாக்டரம்மா பாத்துட்டு, "மூஞ்சில என்னம்மா தடவற?"ன்னாங்க.

ஸ்டெல்லா என்னையே பாத்தா.

நான்தான் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரருக்கு வந்த அரிப்புப் படைக்குக் குடுத்த ட்யூப்புங்க. பத்தே நாள்ல மூஞ்சி வெளுக்குதேன்னு, ஆறு மாசமா தெனம் ஜெபமாலை முடிச்சதும் சிலுவை போட்டு நானே தடவி விடறேன்."

"சிலுவை நல்லதும்மா, மருந்துதான் தப்பு. அது தோலை மெலிசாக்கிடும். உள்ள இருக்கற ரத்தக்குழாய் வெளிய தெரியும்."



"போயிடுமா டாக்டர்?"ன்னா ஸ்டெல்லா.

"ட்யூபை நிறுத்திடு. கொஞ்ச நாள் சிவப்பு கூடும், பயந்துட்டு திரும்பத் தடவாத. வெயில்ல குடை பிடி. நிறைய கொறைஞ்சிடும். மிச்சம் நிக்கற நரம்பைப் பெரியாஸ்பத்திரில கரண்ட் ஊசியால சுட்டுடலாம்."

திரும்பி வர்றப்ப பஸ்ல, ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா. "பெரியம்மா, இனிமே வெறும் சிலுவை மட்டும் போடுங்க!"

மாதாவுக்கு நன்றி.

அந்த ட்யூப் பேரை என்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போன நம்ம குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க எல்லாரும் இன்னிக்கே நிறுத்துங்க. எத்தனை பேர்னு எனக்கே ஞாபகமில்ல. யார் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. திட்டறதையும் கையோட திட்டிடுங்க.