ஆமைக்கல்லின் முதுகு

போன லீவில் கடலுக்குப் போனபோது நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அத்தா நண்டு மாதிரி நடக்குறாரு" என்று சின்னவள் மணலில் நடந்தும் காட்டினாள். உண்மைதான். கடலோரத்தில் நான் நேராக நடக்க மாட்டேன். ஒரு கண் கடல் மேல் இருக்கும்படி பக்கவாட்டில்தான் நடப்பேன். கிளிஞ்சல் பொறுக்கக் குனிந்தாலும் கடலைப் பார்த்தபடிதான் குனிவேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்குச் சின்னவளின் வயதுதான் இருக்கும். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. திடீரென்று ஒரு நாள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பது மட்டும்தான்.

என் அத்தா, அதாவது உங்கள் தாத்தா, மலை வியாபாரி. கல்வராயன் மலையில் ஏறி, வெள்ளிமலைப் பக்கத்துச் சந்தையில் கடுக்காயும் தேனும் புளியும் வாங்கி வந்து கள்ளக்குறிச்சியில் கடை வைத்து விற்றார். மலையாற்றில் கால் வைக்கும் முன்னால் அவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார். தண்ணீர் வருகிற மேட்டைப் பார்ப்பார். அங்கே மேகம் கறுத்திருந்தால், இங்கே சுள்ளென்று வெயில் அடித்தாலும், யாரையும் ஆற்றில் இறங்க விட மாட்டார். காட்டாற்று வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. அவர் கண்ணெதிரே ஒரு கழுதையைச் சரக்கு மூட்டையோடு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கழுதையின் கதையை நாங்கள் வாரம் ஒரு தடவையாவது கேட்போம்.

அம்மாவுக்கு ஓர் அக்கா. எனக்குப் பெரியம்மா. கடலூர் முதுநகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெரியத்தா மலேசியாவில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். பிள்ளைகள் இல்லை. கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டில் பெரியம்மா தனியாக இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அக்காவும் தங்கையும் கல்யாண வீட்டிலும் மௌத்தான வீட்டிலும் கூட்டத்துக்கு நடுவில்தான் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்து பேசியதே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு மார்கழியில், அரைப்பரீட்சை லீவில், அத்தா சரி என்றார்.

"ரெண்டே நாளு. சந்தைக்கு நான் இல்லன்னா மலைக்காரங்க சரக்க வேற எவனுக்காவது போட்டுட்டுப் போயிடுவாங்க" என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்த சாயங்காலமே நான் கடலைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். பெரியம்மா எல்லோரையும் கூட்டிப் போனார். நீங்கள் பார்த்த மாதிரி வெள்ளை மணல் கரை இல்லை அது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சம் மணல். சில நாள் முன்னால்தான் ஒரு புயல் எங்கேயோ கரையேறிப் போயிருந்தது. காற்று ஊசி மாதிரி குத்தியது. கடல் உறுமிக்கொண்டிருந்தது.

"மொதல்ல இங்கியே நில்லுங்க. கொஞ்ச நேரம் சும்மா பாருங்க" என்றார் பெரியம்மா.

"நான் பாக்காத தண்ணியாக்கா? மலையாத்துல எறங்கி எறங்கியே காலு தேஞ்சவன் நானு" என்றார் அத்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு கல் இடுக்கில் இறங்கினார். மணலில் போய் நின்றதும் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இப்டி நில்லு. அங்க பாரு, மேக்கால கறுத்துக்கினு இருக்குது. அங்கிருந்துதான் வரும். நான் பாத்துக்கினே இருக்கேன். ஓடுன்னு சொன்னா ஓடணும், இன்னா?"

நானும் தலையாட்டினேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு பேரும் காவல்காரர்கள் மாதிரி நின்றோம். முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கடல் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் தென்னைமரங்களையும், மாடி வீடுகளையும், சுவரில் ஏறி நின்ற ஓர் ஆட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலை வந்தது. ஓர் அண்டா ஐஸ் தண்ணீரை யாரோ முதுகில் வீசிய மாதிரி இருந்தது. அத்தா முழங்கால் மடிந்து விழுந்தார். விழும்போதும் என் சட்டைக் காலரை விடவில்லை. வாயெல்லாம் உப்பு. தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்தது. அதற்குள் பெரியம்மா வந்து என்னை ஒரு கையிலும் அத்தாவின் துண்டை ஒரு கையிலுமாகப் பிடித்து மேலே இழுத்துவிட்டார்.

பயம் தெளிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, உங்க மலையில தண்ணி மேட்டுல இருந்து வரும். எங்க ஊர்ல அது எதுருக்கவே நின்னுக்கினு இருக்குது. அதுக்குப் போயி முதுகக் காட்டிக்கினு நிக்கிறீங்களே!"

"அது எனக்கு இன்னாக்கா தெரியும்?" அத்தாவுக்குப் பல் தந்தியடித்தது. குனிந்து பார்த்தார். "ஒரு செருப்பு போச்சு."

"இன்னொன்னையும் வீசிடுங்க. கடலு மட்டும் ஒத்தச் செருப்ப வெச்சிக்கினு இன்னா பண்ணும்?"

மேலே கல் மேல் நின்றிருந்த அம்மா, துப்பட்டியை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் பெரியம்மா முதலில் ஈரத்துணியை உருவினார். தலை துவட்டி, காய்ந்த சட்டை போட்டு, கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணியைச் சுடச்சுடக் கொடுத்தார். கடற்காற்றில் ஈரத்தோடு நின்றால் குளிர் எலும்புக்குள் போய்விடும் என்றார். இதை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவன் கையில் ஒரு காய்ந்த துண்டு இருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அழுகை நிற்கவில்லை. முதுகு நனைந்ததே தவிர, நான் ஆசைப்பட்டபடி கடலில் கால் நனைக்கவே இல்லையே.

"நனைக்கலாண்டா. ஆனா ஆமைக்கல்லு சொல்லணும்" என்றார் பெரியம்மா.

அந்தக் கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் ஒரு பெரிய கல் கிடந்தது. ஆமை ஓடு மாதிரி வளைந்த முதுகு. அலை ஜாஸ்தியாக இருந்தால் அதன் மேல் ஏறி ஓடும், முதுகு எந்நேரமும் ஈரமாகக் கறுத்துக் கிடக்கும். கடல் அமர்ந்துவிட்டால் முதுகு காய்ந்து உப்புப் பூத்து வெளுத்துவிடும். "வெளுத்தா கால வெக்கலாம். கறுத்திருந்தா மேலியே நின்னு பாத்துட்டுத் திரும்பணும். அவ்ளோதான்" என்றார். பிறகு அத்தாவைப் பார்த்து, "புள்ள கால் நனைக்காம ஊருக்குப் போவக் கூடாது தம்பி. ஏங்கிப் போயிடுவான்" என்றார்.

செருப்பு போன வெட்கத்தில் இருந்த அத்தா, "நனைச்சிட்டே போவலாங்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ரெண்டாம் நாள் திரும்ப வேண்டியது. பெரியத்தா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த தொளதொள ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போன அத்தா, போன வேகத்தில் திரும்பினார். பண்ருட்டிக்கு அந்தாண்டை ரோட்டில் மரம் கிடக்கிறதாம். ஒரு பஸ்ஸும் போகவில்லை.

அத்தா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். காலையில் ஆரம்பித்த பேச்சு மீன் வேகும்போதும் நடந்தது, தட்டு கழுவும்போதும் நடந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடைசியில் படுத்து முதலில் எழுகிற அம்மா, இங்கே பட்டப்பகலில் அக்கா மடியில் தலைவைத்துத் தூங்கினார். பெரியம்மா தூங்குகிறவருக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று நான் பயந்துபோனேன்.

சாயங்காலமானால் கடலுக்குப் போவோம். மேலேயே நின்று பார்ப்போம். பச்சை படிந்த கல்லில் கால் வைத்தால் வழுக்கும், சொரசொரவென்று காய்ந்த கல்லில்தான் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். "சின்னச் சின்னதா வந்து நம்ம நம்ப வெக்கும். அப்புறம் பெருசா ஒன்னு வரும். அதுக்குத்தான் ரொம்ப நேரம் பாக்கணும்" என்பார் பெரியம்மா. நான் அலையைப் பார்க்கவில்லை. ஆமைக்கல்லின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அது வெளுத்துவிட்டது.

"பெரியம்மா! வெள்ளையாயிருச்சு!"

பெரியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்கடா? கறுப்பாத்தான இருக்குது."

"இல்ல பெரியம்மா. காக்கா கூட உக்காந்துக்கினு இருக்குது பாருங்க."

"காக்கா உக்காந்தா ஆச்சா? அதுக்கு செறகு இருக்குது, அலை வந்தா பறந்துடும். உனக்கு இருக்குதா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கல்லைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்குப் போனால் அத்தா சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். மரத்தையெல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டார்களாம், பஸ் ஓடுகிறதாம், காலையில் கிளம்பலாம் என்றார்.

"புள்ள இன்னும் கால் நனைக்கலியே தம்பி" என்றார் பெரியம்மா.

அத்தா என்னைப் பார்த்தார். கொடுத்த வாக்கு. "சரி, ஒரு நாள்" என்றார்.

மறுநாளும் ஆமைக்கல் வெளுத்துத்தான் இருந்தது. மறுநாளும் பெரியம்மாவுக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. "சந்தை போச்சு" என்று அத்தா முனகினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அக்காவுக்குப் பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் விடிகாலையில் மீன்காரம்மா வந்தார். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தூக்கம். பெரியம்மா ஒரு மீனைக் கையில் எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜாஸ்தியா வாங்கிக்கம்மா. நாளைக்கு மறுபடி ரோட்ட மறிக்கப் போறாங்களாம். இந்த வாட்டி எத்தினி நாளோ, யாருக்குத் தெரியும்? வெளியூரு போறவங்கலாம் இன்னிக்கே ஓடுறாங்க" என்றார் மீன்காரம்மா.

பெரியம்மா மீனைப் பிடித்தபடியே நின்றார். திரும்பி, வீட்டுக்குள்ளே பாயில் தூங்குகிற அம்மாவைப் பார்த்தார். விலை கேட்கத்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"வேணாமாம்மா?"

"வேணாம். ஆளுங்க கெளம்புறாங்க" என்று மீனைக் கூடையில் திருப்பி வைத்தார். உள்ளே போய்ச் சத்தமாக எல்லோரையும் எழுப்பினார். "எந்திரிங்க, எந்திரிங்க! ஆமைக்கல்லு வெளுத்துருச்சு. புள்ளைக்குக் கால் நனைச்சிட்டு பத்து மணி பஸ்ஸப் புடிங்க. நாளைக்கு ரோட்ட மறிக்கிறாங்களாம்."

நாங்கள் இன்னும் கடலைப் போய்ப் பார்க்கவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கால் நனைக்கிற அவசரத்தில் கேட்கவில்லை.

அன்றைக்கும் பெரியம்மா எங்களை மேலேயே வெகுநேரம் நிறுத்தி அலையைப் பார்க்க வைத்தார். பிறகுதான் இறங்கினோம். "வெரலப் புடிச்சா நழுவிடும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பிஸ்மி சொல்லிக் கால வை."

வைத்தேன். அப்பா, என்ன குளிர்! பாதத்தில் பட்டது பல் வரைக்கும் ஏறியது. அலை திரும்பும்போது காலடி மணல் குறுகுறுவென்று கரைந்து ஓடியது. பூமியே என்னை விட்டுவிட்டு நழுவிப் போகிற மாதிரி ஒரு கூச்சம். நான் கத்தினேன், சிரித்தேன், மறுபடியும் மறுபடியும் கத்தினேன். அத்தா இந்தத் தடவை கடலை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றார், ரப்பர் செருப்பு ரெண்டும் அக்குளில். என்னை அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் பெரியம்மா அம்மாவையும் இறக்கினார். ரெண்டு பேரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரை ஏறிய பிறகும், காய்ந்த கல்லில் நடந்தபோதும், தெருவுக்கு வந்த பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. இங்கேதான் அலை இல்லையே, இன்னும் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பஸ் ஏறும்போது கேட்டேன். "முந்தாநாளும் கல்லு இப்பிடித்தான பெரியம்மா இருந்துச்சு?"

"அப்பிடியா?" என்று என் காதை மூடித் துண்டைக் கட்டிவிட்டார். "எனக்கு சரியாத் தெரியலடா."

பஸ் கிளம்பியது. சாலையின் ரெண்டு பக்கமும் அறுத்துத் தள்ளிய புளியமரங்கள் இலை வாடிக் கிடந்தன. பண்ருட்டி தாண்டும்வரை யோசித்துவிட்டு நான் அம்மாவிடம் சொன்னேன். "பெரியம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. அவ்ளோ பெரிய கல்லு, வெள்ளையா கறுப்பான்னு தெரியல. ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்."

அத்தா இருமினார். "வாங்கிடலாம்" என்றார்.

அம்மா சிரித்தார். அப்புறம் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தியாகதுருகம் வந்தது, கள்ளக்குறிச்சி வந்தது, அம்மா துப்பட்டியை விலக்கவே இல்லை. கண்ணாடிக்கு நிறையச் செலவாகும் போலிருக்கிறது, அதைத்தான் யோசிக்கிறார் என்று நானும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.