இல்லாத கூடைப்பந்து வளையம்

2019 ஜூன் 14 — 5,000 பேசோ (பிட்காயின்)
2020 மார்ச் 3 — 12,000 பேசோ (பிட்காயின்)
2021 ஆகஸ்ட் 20 — 4,890 பேசோ (கருவி)
2024 செப்டம்பர் 9 — முதல் கடிதம்

எபிஃபானியோ டர்ரோசா பிலிப்பைன்ஸின் இலோய்லோ வானிலை நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் மழை அளந்தவர். அரை மில்லிமீட்டர் தூறலும் அவர் நோட்டுக்குத் தப்பியதில்லை. ஓய்வுப் பணத்தில் பிட்காயின் வாங்கினார். அதை எந்த நிறுவனத்திடமும் விட்டுவைக்காமல், கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை வாங்கித் தாமே காத்தார். கருவி தொலைந்தாலும் இருபத்துநான்கு சொற்கள் இருந்தால் காசை மீட்டுவிடலாம். அந்தச் சொற்கள் வேறொருவர் கைக்குப் போனால் காசும் போய்விடும். மனைவி ஃபெலிசாவின் கண்புரை அறுவைக்கு அவர் நம்பியிருந்தது அதைத்தான்.

"மனோங், 'கூடைப்பந்து வளையத்துக்கு எதிரே'ன்னு போட்டிருக்கு. ஆறு வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன், ஒரு பந்துகூட என் தலையில விழலியே!" என்று, அண்ணன் முறை வைத்து அழைத்துச் சிரித்தபடி உறையை நீட்டினார் தபால்காரர் ரோம்யூலோ.

ஃபெலிசா கடிதத்தை மூக்கருகே வைத்துப் படித்தாள். வழவழப்பான தாள், கம்பெனி முத்திரை, கணவரின் முழுப்பெயர்.

"ஏழு நாளைக்குள்ள சரிபார்க்கலைன்னா கருவி முடங்கிடுமாம். போன்ல இந்த க்யூஆர் கோடைப் பிடிச்சு, இருபத்துநாலு வார்த்தையையும் அடிக்கணுமாம். என் கண்ணுக் காசு, எபி! சட்டுனு பண்ணேன்."

"பொறு. இந்த வளையத்தை யாருக்குக் கொடுத்தேன்னு பாக்குறேன்."

அந்த ஊரில் முகவரி எழுதினால் பக்கத்தில் ஓர் அடையாளமும் எழுதியாக வேண்டும். எபிஃபானியோ ஆளுக்கு ஓர் அடையாளம் சொல்வார். மின்சார அலுவலகத்துக்கு நீலக் கதவு, வங்கிக்கு இரட்டைத் தென்னை. யாருக்கு எது என்பது நோட்டில் இருக்கும். வளையம் ஒரே ஓர் இடத்துக்குப் போயிருந்தது: கருவி விற்ற கடைக்கு.

"கடையோட வாடிக்கையாளர் பட்டியல் எவன் கையிலயோ சிக்கியிருக்கு. இது கம்பெனி எழுதினதில்லை. அவங்க அந்த வார்த்தைகளைக் கேட்கவே மாட்டாங்க."

"அப்போ சொத்து இந்த வீட்டுல இருக்குன்னும் அவனுக்குத் தெரியுமா?"

அது அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. மறுபடி நோட்டைப் புரட்டினார். கருவி வாங்கிய பக்கத்தில், விலைக்குக் கீழே, அவருடைய மணிமணியான கையெழுத்து: 'சொற்கள் — பழைய மழைமானி, அடித்தட்டு.' வீடு புகுந்தவன் படித்துக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

தொகையை மட்டும் வேறு தாளில் எழுதிக்கொண்டு, பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். அவர் நோட்டில் பக்கம் குறைந்தது அதுவே முதல் தடவை. சொற்கள் பொறித்த எஃகுத் தகடு அன்றே வீட்டைவிட்டுப் போயிற்று.

"எங்கே வெச்சே?"

"காதைக் கொடு."

கேட்டுக்கொண்டு ஃபெலிசா சொன்னாள்: "எழுதிக்க வேண்டாமா? கை அரிக்குமே!"

ஏழு நாள் கழிந்தது. கருவி எப்போதும்போலத் திறந்தது. நவம்பரில் பிட்காயினில் கொஞ்சம் விற்றார்கள், அறுவை முடிந்தது.

அடுத்த உறையை ஃபெலிசாவே வாங்கினாள். கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் படித்தாள்: 'இறுதி எச்சரிக்கை. கூடைப்பந்து வளையத்துக்கு எதிரே.' வாய்விட்டுச் சிரித்தாள்.

"நோட்டை எடு, எபி. இதை எழுதிக்கலாம்."

அவர் எழுதினார்: கடைசிக் கடிதம், 2025 ஜனவரி 17.