வடுவில் ஒட்டிய நச்சுக்கொடி

ஜெர்மன் மொழியில் மாதவிலக்கை ‘ரேகல்’ என்கிறார்கள். விதிமுறைக்கும் அதே சொல்தான். ஜெர்மனியில் இந்த ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த புதிதில், உதிர மாதிரி கொடுக்க வந்த பெண் “எனக்கு இன்று ரேகல்” என்றாள். ஏதோ சட்டம் பேசுகிறாள் என்று நினைத்து விதிமுறைப் படிவத்தை நீட்டினேன். அவள் சிரித்தபடி ரத்தக் குப்பியை மேசைமேல் வைத்தாள். எங்கள் செஞ்சியில் அதை ‘தூரம்’ என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

கருப்பையின் உட்படலத்தில் செல்களைப் பிடித்து நிறுத்தும் கொலாஜன், லாமினின் போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்பது என் வேலை. மாதந்தோறும் அந்தப் புரத வலை அறுந்து உதிரத்தோடு வெளியேறும். கரு தங்கினால் வேறு விதமாகப் பின்னிக்கொண்டு நச்சுக்கொடியை வேரூன்ற விடும்; அளவு மீறாமலும் பார்த்துக்கொள்ளும். பழைய சிசேரியன் வடுவில் அந்தப் படலம் சரியாக வளராது. அங்கே ஒட்டும் நச்சுக்கொடி தசைக்குள் புதைந்துவிடலாம். பிரசவத்தில் அது பிரியாமல் ரத்தம் கொட்டும்.

சென்ற ஆண்டு, ஏழாம் மாதத்தில், தங்கை மலர் ஃபோனில் சொன்னாள்: “நச்சுக்கொடி கீழ இருக்குதாம்க்கா. ரெஸ்ட் எடுக்க சொன்னாங்க.” அவளுடைய மூத்த மகன் சிசேரியனில் பிறந்தவன். அந்த வடுவும் கருப்பையின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அவள் கணவர் ஃபோனை வாங்கினார்.

“இன்னாக்கா, அங்க உக்காந்துக்கினு டென்ஷன் ஏத்துறீங்க?”

தினமும் அழைத்தேன். ஐந்தாம் நாள் எரிச்சலோடு கார் பிடித்தார். நான் பயந்தபடியே நச்சுக்கொடி வடுவில் புதைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லி அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே ஒரு காலையில் ரத்தம் போகத் தொடங்கியது. தங்கைக்குப் பிரசவம் என்று மேலாளரிடம் சொன்னேன். “வாழ்த்துகள்!” என்று என் கையைக் குலுக்கினாள். நடைவழிக்கு ஓடினேன். ஃபோனில் மலரின் கணவர்: “மலருக்கு மயக்க மருந்து குடுத்துட்டாங்க. கர்ப்பப்பையையும் எடுக்கணுமாம். கையெழுத்து போடட்டுமாக்கா?”

“போடுங்க.”

மூன்று மணி நேரம் கழித்துத்தான் மறுபடி அழைத்தார். “ரெண்டு பேரும் பொழச்சிட்டாங்கக்கா” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

அதன் பிறகு மலர் என்னோடு ஃபோனில் பேசவே இல்லை. விடுப்பு கிடைத்ததும் ஊருக்குப் போனேன். மகளை என் மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்: “கர்ப்பப்பை போவும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். சொன்னா நீ ஸ்கேனுக்கே போவ மாட்டியோன்னு பயந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமேக்கா.”

அவளுக்கு வயது இருபத்தொன்பது. அன்றிரவு எனக்கும் அவள்தான் சோறு போட்டாள்.

கிளம்பும்போது குழந்தை என் தோளில் பால் கக்கியது. சட்டையை மாற்றுவதற்குள் கார் வந்துவிட்டது. இங்கே இறங்கியதும் மாதிரிகள் காத்திருப்பதாகச் செய்தி. விமான நிலையத்திலிருந்து நேராக ஆய்வுக்கூடம் போய், புளித்த பால் மணக்கும் அந்தச் சட்டைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டேன்.