நூம்பல் வழக்கம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாஷ்பேசின் கண்ணாடியைத் துடைத்தேன். அம்மா ராத்திரி எடுத்து ஒட்டிவைக்கிற ஸ்டிக்கர் பொட்டுகள்... பழையதையெல்லாம் சுரண்டிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.

அப்போதுதான் போன். கன்னியம்மா அக்காவின் பெரிய பையன். அக்கா விடியற்காலையில் போய்விட்டாராம்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. எண்பதுகளில் எங்கள் லைனில் வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

லைனில் எல்லோரும் எங்கெங்கிருந்தோ ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர்வீடு சேலம். அக்கா வீடு ஒன்றுதான் உள்ளூர்... பக்கத்தில் இருக்கிற நூம்பல். அவருடைய அப்பா அம்மா அங்கே வயல் வேலை செய்தவர்கள்.

அதனால் எதற்கும் அவரைத்தான் கேட்பார்கள். ஆடி மாதம் கூழ் எந்தக் கிழமை ஊற்றுவது, திருஷ்டிப் பூசணிக்காயை எந்த முக்கில் உடைப்பது. யோசிக்காமல் பதில் சொல்வார்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். மாரடைப்பு. அம்மாவுக்கு அப்போது என்னுடைய இப்போதைய வயதுகூட இல்லை.

காரியத்துக்கு ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. அம்மாவை மணையில் உட்காரவைத்துத் தாலியைக் கழற்றியாயிற்று. அடுத்து பொட்டு, பூ, வளையல். அத்தை கையில் தட்டு. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றபடியே சொன்னார்.

"பொட்டுல கைய வெக்காதீங்கோ. பொட்டப்புள்ள பெத்தவளுக்கு எங்க ஊர்ல அத எடுக்க மாட்டோம். புள்ளைக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் வெச்சிகினுதான் இருக்கணும். எடுத்தா புள்ளைக்கு ஆவாது."

"இதென்ன புதுசால்லா இருக்கு" என்றார் அத்தை.

"உங்க ஊருக்குப் புதுசா இருக்கும். அவுரு செத்தது இந்த மண்ணுல. அப்பால உங்க இஷ்டம்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டார். என் மேல் அவருக்குப் பிரியம் அதிகம்.

அதற்கப்புறம் அது லைன் வழக்கமே ஆகிவிட்டது. சேலத்துக்காரர் இறந்தபோது அந்த வீட்டிலும் பெண் குழந்தைகள். அக்கா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே அப்படிச் செய்வதில்லை என்று லைன் பெண்களே சொல்லிவிட்டார்கள்.

காலேஜ் சேர்ந்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் ரேஷன் க்யூவில் வைத்துக் கேட்டேன், நூம்பலில் நிஜமாகவே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று.

கெரசின் டின்னைக் கை மாற்றிக்கொண்டார். "எங்கம்மாக்கு எட்த்தாங்கோ. தட்டப் புட்சிகினு நின்னதே நாந்தான்."

அதோடு சரி. க்யூ நகர்ந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருமுல்லைவாயிலில் என் கல்யாணம். பந்தியில் அத்தைக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. அத்தை மறந்திருக்கவில்லை.

"கல்யாணந்தான் முடிஞ்சிட்டுல்லா. இனி ஒங்க ஊர் வழக்கம் என்ன சொல்லுது?"

அக்கா தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டார். "தாலி ஏறிட்டா ஆச்சா? அது ஒண்ணு பெக்கணும், அதுக்குக் காது குத்தணும். அதுவும் பொட்டப்புள்ளயா இருந்தா, அப்பால அதுக்கு ஒரு கல்யாணம் கீது..."

அத்தை சிரித்துவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, இந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார்.

இப்போது என் மகள் காலேஜ் போகிறாள். அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அக்காவின் கணவர் இறந்தது சில வருஷங்களுக்கு முன்னால். நான் அப்போது ஊரில் இல்லை. அம்மா போய்வந்து சொன்னதுதான்.

அக்காவுக்குப் பையன்கள் மட்டும்தான்.

பழைய லைன் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்களாம். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அம்மாவும்தான். அக்காவே சொல்லிவிட்டாராம்.

"எனுக்கு ஏது பொண்ணு? எட்துக்கோங்கோ."

அதற்கப்புறம் ஒருமுறை கரையான்சாவடி கடைத்தெருவில் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். வெறும் நெற்றி... அடையாளம் தெரியவில்லை. "இன்னாடி, கண்ணு பூட்ச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதன்பிறகுதான் தெரிந்தது. கையிலிருந்த கீரைக்கட்டில் ஒன்றை என் பையில் திணித்துவிட்டுப் போனார்.

கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

நூம்பலில் பெரிய பையன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் எடுக்கிறார்கள். லைன் நண்பர்கள் முடிந்தால் வரவும்.

போய் வாருங்கள் அக்கா.

அம்மா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய குங்குமச் சிமிழ் என் கைப்பையில் இருக்கிறது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை... அக்காவின் நெற்றியில் வைக்கப் போகிறேன். யாராவது தடுத்தால், இவருக்கு ஒரு பெண் உண்டு, எங்கள் லைனில் இதுதான் வழக்கம் என்று சொல்வேன்.